சமுதாயக் கூடங்களின் சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கவுன்சிலர்களுக்கும், வார்டு அலுவலகப் பொறியாளர்களுக்கும், குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர்களுக்கும், சாயங்காலமானால் மைதானத்தின் கேட்டைப் பூட்டச் சொல்கிற பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சென்னைக்குத் தெற்கே, ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றிக் கொண்டுவந்து குடிவைத்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒன்பது வருடமாக மாலை நேர வகுப்பு நடத்துகிறேன். குடியிருப்பின் பெயரை எழுதவில்லை. எழுதினால் விசாரணை அந்த ஒரு கூடத்தோடு நின்றுவிடும். கேள்வி கேட்கப்படும் ஆளும் அங்கே காவலுக்கு இருக்கிற பெரியவராகத்தான் இருப்பார். நகரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற கூடங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் சாயங்காலம் வகுப்பை முடித்துவிட்டு இறங்கி வந்தேன். கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கும் மீட்டர் பெட்டிகளுக்கும் நடுவே இருக்கிற ஆறடி இடத்தில் பிரேக் டான்ஸ் பழக ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்திருந்தார்கள். ஆறு பையன்கள், இரண்டு பெண் பிள்ளைகள். ஒருவன் உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, முழங்கையை விலாவில் முட்டுக்கொடுத்து, உடம்பை அந்தரத்தில் நிறுத்தியிருந்தான். ஆனால் கால்கள் மடங்கியே இருந்தன. "ஏண்டா காலை மடக்கி வெச்சிருக்க?" என்று கேட்டேன். "இங்க இவ்ளோதான் மிஸ் நீட்ட முடியும்" என்றான். நீட்டினால் மீட்டர் பெட்டியில் இடிக்கும். அதற்குத் தகுந்த மாதிரி உடம்பைப் பழக்கிவைத்திருந்தான்.

அவர்களிடம் இருந்தது கையளவு புளூடூத் ஸ்பீக்கர். மேல் வீட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பிய பாட்டி ஒருவர் படுத்திருந்தார். அந்த வீட்டார் சத்தம் போட்டதில் ஒரு தப்பும் இல்லை. பிறகு யாரோ யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்கள் ஸ்பீக்கரைப் பிடுங்கிக்கொண்டார்கள், பெயர்களை எழுதிக்கொண்டார்கள், பையன்களின் தலைமுடியைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார்கள். பெண் பிள்ளைகளிடம் "இந்த நேரத்துல உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டார்கள். அப்போது மணி ஆறேகால்.

அந்தப் படிக்கட்டிலிருந்து நாற்பது காலடி வைத்தால் சமுதாயக் கூடம். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். டைல்ஸ் தரை, நான்கு ஃபேன், மூன்று பிளக் பாயிண்ட், பின்னால் ஒரு கழிப்பறை, முன்னால் ஒரு பூட்டு. காதுகுத்துக்கும் சீமந்தத்துக்கும் திறக்கும். மருத்துவ முகாமுக்கும் தேர்தலுக்கும் திறக்கும். மற்ற நாளெல்லாம் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

அன்றுவரை நானும் அந்தப் பிள்ளைகளிடம் "படிக்கிற வழியைப் பாருங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் போன பிறகு, காலை மடக்கிய அந்தப் பையன்தான் என்னிடம் கேட்டான்: "மிஸ், ஹிப் ஹாப் எங்க பொறந்துச்சுன்னு தெரியுமா? ஒரு அப்பார்ட்மெண்ட் கம்யூனிட்டி ஹால்ல. அங்க யாரும் பூட்டு போடல." ராப் பாட்டும் பிரேக் டான்ஸும் சேர்ந்த அந்தக் கலையைப் பற்றி வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். அவன் சொன்னது உண்மைதான்.

நியூயார்க் நகரத்தின் ப்ராங்க்ஸ் பகுதி. 1520, செட்ஜ்விக் அவென்யூ என்கிற முகவரி. 102 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம். அதன் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்கள் வாடகைக்கு எடுக்கக்கூடிய ஒரு பொது அறை. 1973-இல் சிண்டி கேம்பல் என்கிற பெண்ணுக்குப் பள்ளி திறக்கும்போது போட்டுக்கொள்ளப் புதுத் துணி வேண்டியிருந்தது. அந்த அறையை 25 டாலருக்கு எடுத்தாள். அழைப்புச் சீட்டைக் கையால் எழுதினாள்: பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். ஆகஸ்ட் 11 அன்று இரவு அவளுடைய அண்ணன் கிளைவ், அப்பாவின் பெரிய ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து பாட்டு போட்டான். ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பத்துப் பையன், வயது 18. உலகம் அவரை இன்று கூல் ஹெர்க் என்று அழைக்கிறது.

அவர் கவனித்த ஒரு விஷயத்திலிருந்துதான் எல்லாம் கிளம்பியது. ஆடுகிறவர்கள் முழுப் பாட்டுக்கும் ஆடுவதில்லை. பாடகர் வாயை மூடி, டிரம் மட்டும் தனியாக ஓடுகிற அந்தச் சில விநாடிகளுக்காகக் காத்திருந்து ஆடுகிறார்கள். அந்த இடத்துக்குப் பெயர் பிரேக். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதே பிரேக்கைத் தொடங்கினார். சில விநாடி சில நிமிடமாக நீண்டது. அதில் ஆடியவர்கள்தான் பிரேக் பாய்ஸ். நண்பன் கோக் லா ராக் மைக்கைப் பிடித்து வந்திருந்தவர்களின் பெயர்களைத் தாளத்தோடு கூப்பிட்டான். ராப் என்று நாம் சொல்வதன் முதல் வரிகளில் இருந்தது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பெயர்கள். 51 வருடம் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் போட்டி நடந்தது. எங்கள் பிளாக்கில் அட்டைப்பெட்டி மேல் நடந்ததும் அதே ஆட்டம்தான்.

அந்த அறைக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும். 1948-இல் தொடங்கி, குடியிருப்புகளின் நடுவே வெட்டிக்கொண்டு போனது கிராஸ் ப்ராங்க்ஸ் விரைவுச்சாலை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. எழுபதுகளில் வீட்டு உரிமையாளர்கள் சிலர், வாடகையைவிடக் காப்பீட்டுப் பணம் லாபம் என்று தங்கள் கட்டடங்களுக்கே தீ வைக்க ஆள் ஏவினார்கள். அதே காலத்தில் நகர நிர்வாகம் செலவைக் குறைக்கத் தீயணைப்பு நிலையங்களை மூடியது. 1970-க்கும் 1980-க்கும் இடையில் தெற்கு ப்ராங்க்ஸின் ஏழு கணக்கெடுப்பு வட்டாரங்களில் நூற்றுக்கு 97 கட்டடங்கள் எரிந்தும் கைவிடப்பட்டும் போயின. மிச்சமிருந்த பிள்ளைகள் கும்பல் கும்பலாகப் பிரிந்து, தெருவுக்குத் தெரு எல்லை போட்டு, எல்லையைத் தாண்டியவனை அடித்தார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் பிளாக்குகள்தான் கண்ணில் வந்தன. கூவம் ஓரத்திலிருந்து வந்தவன், அடையாறு ஓரத்திலிருந்து வந்தவன், யார் எந்தக் குழாயடியில் நிற்கலாம் என்பதற்கு முதல் வருடம் விழுந்த அடிதடி. ஒரு ஊரைப் பெயர்த்துக் கொட்டினால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கிறது.

ப்ராங்க்ஸில் அது எங்கே திரும்பியது என்பதுதான் இந்த மடலுக்கு முக்கியம். 1971-இல் அங்கே கெட்டோ பிரதர்ஸ் என்று ஒரு கும்பல் இருந்தது. சண்டையும் போட்டார்கள், பாட்டுக் குழுவும் வைத்திருந்தார்கள். அவர்களில் பிளாக் பெஞ்சி என்பவருக்குக் கொடுத்திருந்த வேலையே சமாதானம் பேசுவது. டிசம்பர் 2 அன்று இரண்டு தரப்பு மோத வருகிறது என்று தெரிந்து நடுவில் போய் நின்றவரை அடித்துக் கொன்றார்கள். ப்ராங்க்ஸ் முழுக்கப் பழிவாங்கலுக்குக் காத்திருந்தது. அவருடைய கூட்டாளிகள் பழிக்குப் போகவில்லை. ஆறாம் நாள், டிசம்பர் 8 அன்று, எல்லாக் கும்பல்களின் தலைவர்களையும் ஹோ அவென்யூவில் இருந்த சிறுவர் மன்றத்துக்கு அழைத்தார்கள். ஒரு கூடத்தில், மடக்கு நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்து, கத்திப் பேசி, கடைசியில் சண்டை நிறுத்தத்துக்குக் கை கொடுத்தார்கள். ஒப்பந்தம் எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் அடுத்த தெருவின் ஆட்டத்துக்குப் போய்வர வழி பிறந்தது. சிண்டியின் அறைக்கு வேறு தெருப் பிள்ளைகள் வர முடிந்ததற்கு அந்தச் சமாதானமும் காரணம் என்று இந்த வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

சிறுவர் மன்றத்தின் கதவை அன்று பொறுப்பிலிருந்த யாரோ ஒருவர் திறந்துவிட்டிருக்கிறார். கொலை நடந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம். ஊரிலேயே பேர் கெட்ட பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே அறைக்குள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தே திறந்திருக்கிறார். அவரை நினைத்துக்கொண்டேதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. நடுத்தர வருமானக்காரர்களுக்கான வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து அதை விலக்கிக்கொள்ள 2007-இல் உரிமையாளர் முயன்றார். விலகியிருந்தால் வாடகை ஏறி, குடியிருந்தவர்கள் வெளியேற வேண்டியதுதான். அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். கூல் ஹெர்க் வந்து கூட நின்றார். "ஹிப் ஹாப் பிறந்த வீடு இது" என்பதையே வழக்காகப் பேசினார்கள். அதே வருடம் மாநில அரசும் அதை ஒப்புக்கொண்டது. போராட்டம் நேர்கோட்டில் போகவில்லை. நடுவில் கட்டடம் கைமாறியது, பராமரிப்பு கெட்டுப்போனது, நீதிமன்றம் வரை போனது. கடைசியில் நகர நிர்வாகம் கடன் கொடுத்து, வாடகையைக் கட்டுக்குள் வைக்க ஒப்புக்கொண்டவர்கள் கைக்கு அது வந்து சேர்ந்தது. 34 வருடத்துக்கு முன் ஒரு பெண் 25 டாலருக்கு எடுத்த அறை, அதற்கு மேலே இருந்த வீடுகளைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பிடியாக நின்றது.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு பெண் பிள்ளைகளில் ஒருத்தி பத்தாம் வகுப்பு. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுவாள். ஒரு நாள் திருத்தும்போது பார்த்துவிட்டேன். அவளுடைய அனுமதியோடு நாலு வரி தருகிறேன்:

நாலாவது மாடி வீடு, நாலு கொடம் தண்ணி
ஏறி ஏறி தேஞ்சிபோச்சு எங்க அம்மா முட்டி
லிஃப்டு இருக்கு லிஃப்டு இருக்கு, ஓடுதான்னு கேளு
பேப்பருல ஓடுதாம், நீயே வந்து பாரு

இன்னொரு பக்கத்தில், "புது அட்ரஸ சொன்னா போதும் வேலை இல்ல தம்பி" என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே இரண்டு முறை அடித்து எழுதிவிட்டு விட்டிருந்தாள். அவளுடைய அண்ணனுக்கு நேர்ந்தது அது. ஆதாரில் இருந்த முகவரியைப் பார்த்ததும் "சொல்லி அனுப்பறோம்" என்றார்களாம்.

இந்தப் பிள்ளைக்கு எதுகையும் மோனையும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளுடைய தாத்தா சாவு வீடுகளில் விடிய விடிய கானா பாடியவர். இறந்தவரின் பெயர், தொழில், அவர் பட்ட கடன், வைத்திருந்த பாசம் எல்லாவற்றையும் நின்ற இடத்தில் வரி கட்டி, தாளத்துக்குள் அடக்கிப் பாடுவது அவர்கள் வீட்டு வித்தை. ராப் அவளுக்குக் கடல் தாண்டி வந்த பொருளாகத் தெரியவில்லை. தாத்தா சட்டியில் தட்டியதை இவள் ஃபோனில் இருக்கிற பீட்டில் பிடித்துக்கொண்டாள், அவ்வளவே. சென்னை இதை ஏற்கெனவே ஒரு முறை பெரிய அளவில் கேட்டிருக்கிறது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற இசைக்குழு மேடை ஏறியபோது கானா பாடகர்களும் ராப் பாடகர்களும் ஒன்றாக நின்றார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்கிற சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. இடஒதுக்கீடு முதல் கையால் மலம் அள்ளும் கொடுமை வரை அவர்கள் பாடினார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மைக் மேல் ஆசை வந்தது அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான்.

நோட்டில் இருந்த நாலு வரி என்ன ஆயிற்று என்றும் சொல்கிறேன். பிள்ளைகள் அதைப் பாடி ஃபோனில் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். மூன்று பிளாக் பெண்கள் அதைக் கேட்டுவிட்டு என் வகுப்புக்கு வந்தார்கள். "இந்தப் பொண்ணு என் முட்டியப் பத்தித்தான் பாடிருக்கு" என்று ஒரு அம்மா சொன்னார். அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை. எந்த பிளாக்கில் எந்தத் தேதியிலிருந்து லிஃப்ட் நின்றிருக்கிறது, யார் வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்கிறார், யார் நிறைமாதம் என்று ஒரு நீள நோட்டில் எழுதினோம். பன்னிரண்டு பேர் உட்கார இடமுள்ள அறையில் முப்பது பேர். பாதிப் பேர் படிக்கட்டில் நின்றபடி கத்திக் கத்தித் தேதி சொன்னார்கள். மனு எழுதிக் கையெழுத்து வாங்கி, உரிய இடத்தில் கொடுத்தோம். ஏழு வாரத்தில் இரண்டு லிஃப்ட் ஓடின. மூன்றாவது இன்னும் ஓடவில்லை.

பாட்டு லிஃப்டை ஓட்டியது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்கள் வருடக்கணக்காகத் தனித்தனியாகப் புலம்பிக்கொண்டிருந்ததை ஒரே அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மனு எழுதியதும் அலைந்ததும் அவர்கள்தான். ஆனால் அந்த நாலு வரி இல்லாமல் அவர்கள் அன்று வந்திருக்க மாட்டார்கள்.

இதையே பெரிய அளவில் கொடைக்கானலில் பார்த்தோம். அங்கே இருந்த பாதரச தெர்மாமீட்டர் ஆலை, எண்பதுகளில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. அது முதலில் இருந்த வாட்டர்டவுன் என்கிற ஊர், ப்ராங்க்ஸ் இருக்கிற அதே நியூயார்க் மாநிலத்தில்தான். பிறகு ஆலை இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச் மாதம், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு குவிந்து கிடந்ததை ஊர் மக்கள் கண்டுபிடித்தார்கள். அதோடு ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் தங்கள் உடம்புக்கு வந்த கேட்டுக்கு இழப்பீடு கேட்டுப் போராடத் தொடங்கினார்கள். மனு, மறியல், மருத்துவச் சோதனை, நீதிமன்றம் என்று பதினான்கு வருடம் போயிற்று. அதற்குள் சிலர் இறந்தும் போனார்கள்.

2015 ஜூலைக் கடைசியில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாடினார். சில நாளில் உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். தாய் நிறுவனமான யூனிலீவரின் உலகத் தலைமை அதிகாரியே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் பணம் கொடுக்க நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்கிற வாக்குவாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

நிறையப் பேர் இதைச் சொல்லும்போது அந்தப் பாட்டோடு தொடங்கி உடன்பாட்டோடு முடித்துவிடுகிறார்கள். நடுவில் எட்டு மாதம்தான், ஆகவே பாட்டு ஜெயித்தது என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பதினான்கு வருடம் சங்கமாகக் கூடி, கணக்கு வைத்து, ஆவணம் சேர்த்து, ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் நின்ற தொழிலாளர்கள் இல்லையென்றால் அந்தப் பாட்டுக்குச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. அவர்கள் அத்தனை வருடம் சொன்னதை உலகம் கேட்க வைத்தது பாட்டு. முதலில் கூடுவதற்கு இடம் வேண்டும். பாட்டு அங்கிருந்து கிளம்பும். எந்த ஊர்க் கதையைப் படித்தாலும் எனக்கு இந்த வரிசைதான் தெரிகிறது.

செனகல் நாட்டில்கூட அப்படித்தான். 2011 ஜனவரியில் தலைநகர் டக்காரில் ஓயாத மின்வெட்டு. ஃபாதெல் பாரோ என்கிற பத்திரிகையாளரின் வீட்டில் நண்பர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தியாத், கிலிஃபே என்கிற இரண்டு ராப் பாடகர்கள். எத்தனை நாள் பாட்டிலேயே திட்டிக்கொண்டிருப்பது என்று அங்கே எழுந்த கேள்வியிலிருந்து 'பொறுத்தது போதும்' என்கிற பொருளில் 'யானாமார்' இயக்கம் பிறந்தது. ஆட்சியை நீட்டிக்க அதிபர் வாத் அரசியல் சட்டத்தைத் திருத்தப் பார்த்தபோது அந்த ஜூன் 23 அன்று மக்களோடு தெருவில் நின்றார்கள். திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. பிறகு ஊர் ஊராகப் போய் இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். 2012 மார்ச்சில் வாத் ஓட்டுப்பெட்டியில் தோற்றார். அரிவாளோ கல்லோ தூக்கச் சொல்லவில்லை அந்தப் பாடகர்கள். வாக்காளர் அட்டைதான் என் ஆயுதம் என்று பிள்ளைகளைச் சொல்ல வைத்தார்கள்.

பம்பாய்த் தாராவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்களில் பலருக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். தமிழிலும் இந்தியிலும் மராட்டியிலும் கலந்து ராப் பாடுகிற நம் பிள்ளைகள் அங்கே வளர்ந்திருக்கிறார்கள். தங்களைச் சேரி நாய் என்று 'ஸ்லம்டாக் மில்லியனர்' படம் கூப்பிட்டதற்குப் பதிலாக ஸ்லம்காட்ஸ், சேரித் தெய்வங்கள், என்று பெயர் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் பிரேக் டான்ஸ் கற்றுக்கொடுத்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

இனி நீங்கள் சொல்லப்போகிற மறுப்புகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் நேரில் கேட்டிருக்கிறேன்.

சத்தம். நியாயமான மறுப்பு. அதற்காகத்தான் கூடம் கேட்கிறோம். நாலு சுவரும் கதவும் இருந்தால் அந்தப் பாட்டிக்குத் தலைவலி வராது.

கெட்ட வார்த்தை, கத்தி, கஞ்சா, பெண்களைக் கேவலமாகப் பேசுகிற வரிகள். இவை ராப்பில் இல்லை என்று நான் வாதாட மாட்டேன். காசுக்காகவே அப்படி எழுதப்பட்ட பாட்டுகள் ஆயிரம் இருக்கின்றன, அவை எல்லாம் எங்கள் பிள்ளைகளின் ஃபோனுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டன. நம் முன்னால் இருக்கிற கேள்வி, அவற்றை அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து கேட்கிறான் என்பது. போன மாசி மாதம் ஒரு பையன் தன் வரியில் ஒரு பெண்ணைத் திட்டி எழுதிக்கொண்டு வந்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், கணக்கு நோட்டுக்காரி எழுந்து, "இத உங்க அக்கா முன்னால பாடு, அப்புறம் எங்க முன்னால பாடலாம்" என்றாள். அவன் தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த வாரம் வேறு எழுதிக்கொண்டு வந்தான். பெண் பிள்ளைகளும் வந்து உட்கார்கிற மாதிரி ஒரு அறை இருந்ததால் அது நடந்தது. முட்டுச்சந்தில் நடந்திருக்காது. சந்தில் அவள் இருக்கவே மாட்டாள்.

"அரசியல் பாடுவாங்க" என்பது மூன்றாவது மறுப்பு, மெல்லிய குரலில் சொல்லப்படுவது. ஆமாம், பாடுவார்கள். லிஃப்ட் ஓடவில்லை என்று பாடுவார்கள். தண்ணீர் லாரி எந்த பிளாக்கில் நிற்கிறது, எந்த பிளாக்கில் நிற்பதில்லை என்று பாடுவார்கள். உங்கள் பெயரைச் சொல்லியும் பாடலாம். பதினைந்து வயதுப் பிள்ளை தன் தெருவின் குறையைத் தாளத்தோடு சொல்கிறாள் என்றால் அவள் இன்னும் இந்த ஊரின்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறாள் என்று பொருள். நம்பிக்கை விட்டவன் பாட மாட்டான். அவனை நீங்கள் வேறு இடத்தில், வேறு காரணத்துக்காகச் சந்திப்பீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மேடை வேண்டாம். சுதந்திர தினத்துக்கு ஐந்து நிமிட நடனம், பொங்கல் விழாவில் ஒரு ஐட்டம், பின்னால் பேனர், முன்னால் பொன்னாடை. இவற்றைப் பிரியமாகவே தருகிறீர்கள், தெரியும். பிள்ளைகளுக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மறுநாள் மறுபடியும் மீட்டர் பெட்டிக்கு நடுவில் வந்து நிற்கிறார்கள். கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வாங்கி வந்தபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். அந்தப் பெண் தினமும் பயிற்சி செய்தது ஒரு பூங்காவில், மழை வந்தால் சேறு. கொண்டாட்டத்தில் பாதியை நாம் அந்தச் சேற்றுக்கு முன்கூட்டியே கொடுத்திருக்கலாம் என்று எனக்கு அன்று தோன்றியது.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும், மாலை ஐந்திலிருந்து எட்டு வரை கூடத்தைத் திறந்துவிடுங்கள். பிளக் பாயிண்ட்டில் மின்சாரம் வரட்டும். கழிப்பறையைப் பூட்டாதீர்கள், அதற்குள் ஒரு பல்பு போடுங்கள். பெண் பிள்ளைகள் வராமல் போவதற்குப் பாதிக் காரணம் அந்த இருட்டு. வாடகை கேட்காதீர்கள். கல்யாணத்துக்கோ முகாமுக்கோ கூடம் தேவைப்பட்ட அன்று நாங்கள் விலகிக்கொள்கிறோம். வருகிறவர்கள் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதிவைப்போம். அதை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளின் வீட்டுக் கதவை யாரும் தட்டக்கூடாது. உள்ளே பெரியவர் ஒருவர் எப்போதும் இருப்பார், அது நானாக இருப்பேன் அல்லது அந்த முட்டி வலிக்கிற அம்மாவாக இருப்பார். அவரே கேட்டுக்கொண்டார். நாற்காலி உடைந்தால் நாங்கள் வாங்கித் தருகிறோம். பாட்டு வரிகளை முன்கூட்டியே காட்டச் சொல்லாதீர்கள். பாடியதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வந்தால் உள்ளே வந்து உட்கார்ந்து பேசுங்கள், நாற்காலி போடுகிறோம்.

தலைமையாசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்கு இருக்கிற பயம் புரிகிறது. ஏதாவது உடைந்தால், யாராவது விழுந்தால், கேள்வி உங்களிடம்தான் வரும். பொறுப்பை உங்கள் ஒருவர் தலையில் வைக்காமல், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போட்டுப் பெற்றோரையும் கையெழுத்திட வைக்கலாம். மைதானத்தின் ஒரு மூலையும் ஒரு விளக்கும் போதும்.

பிடுங்கிக்கொண்டு போன ஸ்பீக்கர் இன்னும் திரும்பி வரவில்லை. அது யாருடையது என்றால், அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா, வீட்டு வேலைக்குப் போகிற இடத்தில் தீபாவளிக்குக் கொடுத்த பணத்தில் வாங்கித் தந்தது. அதை வைத்திருப்பவர் இதைப் படித்தால் கூடத்தின் காவலுக்கு இருக்கிற பெரியவரிடம் கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். யார் கொடுத்தார்கள் என்று அவர் கேட்க மாட்டார்.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளோடு கூடத்தின் வாசலில் இருப்போம். அட்டைப்பெட்டியையும் எடுத்து வருகிறோம், டைல்ஸ் தரை வழுக்கும்.

இப்படிக்கு,
மாலை நேர வகுப்பு ஆசிரியை ஒருத்தி